புதிதாக ஸ்டீயரிங் பிடிக்கும் கொல்லிமலை குண்டூர் நாட்டுப் பிள்ளைகளுக்கு



கொஞ்ச வருஷமாகவே நம் குண்டூர் நாட்டில் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் பெருகிவிட்டீர்கள். மிளகு விற்ற காசில் ஒரு பழைய பொலிரோ, தவணையில் ஒரு ஸ்விஃப்ட், அண்ணன் தம்பி கூட்டாக ஒரு பிக்கப் என்று தெருவுக்கு நாலு வண்டி நிற்கிறது. வாங்கிய கையோடு என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "பெரியப்பா, ஒரு சுத்து ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. வண்டி என்றால் எனக்கு உயிர். ஒரு கட்சியில் மனசு உண்டு, தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுகிறேன். சாமியும் கும்பிடுகிறேன். மூன்றும் எனக்குள் சண்டையில்லாமல்தான் இருக்கின்றன. ஆனால் கட்சியையும் சாமியையும் பானெட் மேல் ஏற்றிக்கொண்டு, அதற்காகச் சாலை தனக்கு வழிவிட வேண்டும் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் இந்த மலையிலும் கூடிவருகிறார்கள். அதனால் வண்டி பற்றிக் கேட்டதற்குப் பதிலோடு, கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. இறக்கத்தில் கியர்தான் பிரேக்.

காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதை எல்லாரும் கவனமாக ஏறிவிடுகிறார்கள். ஆள் போவது இறக்கத்தில்தான். ஒரு வளைவை இரண்டாம் கியரில் ஏறினாய் என்றால் இரண்டாம் கியரிலேயே அதை இறங்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குகிறவன் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் மேல் போடுகிறான். பத்து வளைவுக்குள் லைனிங் சுட்டு ஒரு கருகல் நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் உடனே ஓரமாக நிறுத்து, டிரம்மும் டிஸ்க்கும் ஆறட்டும். தண்ணீர் ஊற்றாதே, சூட்டில் விரிசல் விடும். நாற்றத்தை மதிக்காமல் போனால் அடுத்தது பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். நம் மலைப் பனிக்கும் மழைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் முழுசாக மாற்றிவிடு, மேலே ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கேடு. இப்போது வரும் கார்களில் பிரேக் பூஸ்டர் இன்ஜின் ஓடினால்தான் உதவும். அணைத்தபின் இரண்டு மிதிக்குத்தான் பெடல் பேசும், பிறகு கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். வளைவு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

2. ஏறுகிற வண்டிக்கு வழி.

இது பெரியவர்கள் சொல்லிவைத்த வழக்கம் மட்டுமில்லை, சட்டமும் அதுதான். மலைச் சாலையில் இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க அகலம் இல்லாத இடத்தில், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989 சாலை விதிகளிலும் இருந்தது, 2017இல் வந்த ஓட்டுநர் விதிமுறைகளிலும் இருக்கிறது. காரணம் ஓட்டிப் பார்த்தவனுக்குப் புரியும். பலாப்பழமோ செங்கல்லோ ஏற்றிய லோடு வண்டி வளைவின் நடுவில் நின்றுவிட்டால், மறுபடி கிளப்ப ஹாஃப் கிளட்சில் உயிர் போகும். கொஞ்சம் பின்னால் உருண்டாலும் பின்னால் நிற்கிறவன் கதி என்ன?

இந்த விதியில் எம்.எல்.ஏ. வண்டி, சாமி ஊர்வல வண்டி, பஸ் முதலாளி வண்டி என்று தனித்தனி வரி கிடையாது. கீழே போக அவசரப்படும் கட்சிக்காரர் வண்டிக்காக நாலு லோடு வண்டி பின்னால் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நீ டிரைவராக இருந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், "ஐயா, லோடு வண்டி ஏறட்டும்" என்று சொல்லி நிறுத்து. நல்ல தலைவராக இருந்தால் சந்தோஷப்படுவார்.

இன்னொன்று. ஏற்றத்தில் நின்ற வண்டிக்குச் சக்கரத்தில் கல் கொடுப்பது நல்ல பழக்கம். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரம் போட வேண்டும். விட்டுப்போன கல் பனியில் தெரியாது; பின்னால் வரும் பைக்குக்காரப் பையன் அதில் ஏறிப் புரளுவான்.

3. கண்ணாடி பார்ப்பதற்கு.

முன் கண்ணாடியில் மேலே ஒரு பட்டை தலைவர் படம், நடுவில் சாமி பெயர், கீழே சங்கத்துப் பெயர். மிச்சம் உள்ள ஓட்டை வழியாகப் பார்த்து வளைவைத் திருப்புகிறான். இடப்பக்க மேல் மூலையில் ஒட்டிய ஒரு சாண் ஸ்டிக்கர், வளைவில் எதிரே வரும் ஒரு பைக்கை முழுசாக மறைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் நின்ற வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்.

கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை செய்தது. நம் மலையில் மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கும் மாதங்கள் உண்டு. அந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடிக்குள் இருப்பவனுக்கு ஓரத்தில் புல்லுக்கட்டோடு நடக்கும் அம்மாவைத் தெரியாது.

சாமி சிலையைப் பற்றி. டேஷ்போர்டில் பிள்ளையார் வைப்பது, மாதா வைப்பது, கண்ணாடியில் 786 ஒட்டுவது எல்லாம் அவரவர் நம்பிக்கை, அதில் எனக்குக் குறுக்கே பேச உரிமை இல்லை. ஆனால் வைக்கும் இடம் என் பேச்சுக்குள் வரும். 2021 முடிவதற்குள் புதுக் கார்களில் முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. பக்கத்து சீட்டின் ஏர்பேக் அந்த டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டுதான் கண் மூடித் திறப்பதற்குள் வெளியே வரும். மூடி மேல் பித்தளைச் சிலையை ஒட்டியிருந்தால் அது நேராகப் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்குப் போகும். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். சாமிக்குக் கையுறை வைக்கும் சின்னப் பெட்டிக்குள் இடம் உண்டு, அங்கே வை. உள் கண்ணாடியில் தொங்கும் மாலையையும் கழற்றி அதோடு வை.

4. பூஜை போடு, பிறகு பானெட்டைத் திற.

நாமக்கல்லில் புது லாரி பாடி கட்டி இறங்கினால் ஆஞ்சநேயர் கோயில் வாசலுக்குப் போகாமல் லோடு ஏற்ற மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு நம் வீட்டு வண்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. எனக்கு அந்த நாள் பிடிக்கும். வருஷத்தில் ஒரு தரமாவது வண்டியைக் கழுவித் துடைத்து, அடியில் குனிந்து பார்க்கிறார்கள் அல்லவா? அந்தக் குனிதலைத்தான் மாதாமாதம் செய்யச் சொல்கிறேன். டயர் பட்டன், பிரேக் பைப், ஸ்டீயரிங் ஜாயிண்ட். டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்னால் அந்த டயரின் உள்பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார். உடைத்த பூசணியை அள்ளி ஓரம் போடு. அதில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய.

5. கொடியும் சிவப்பு விளக்கும் வேண்டாம்.

அமைச்சர்கள், உயர் அதிகாரிகள் வண்டியில் இருந்த சிவப்பு விளக்கையே 2017 மே 1 முதல் எடுத்துவிட்டார்கள். தேசியக் கொடியைக் காரில் பறக்கவிடும் உரிமை ஜனாதிபதி, ஆளுநர், பிரதமர், முதலமைச்சர், அமைச்சர்கள், நீதிபதிகள் போன்ற சிலருக்குத்தான் என்று 2002ஆம் ஆண்டுக் கொடி விதித் தொகுப்பு சொல்கிறது. பானெட் மேல் கொடியைப் போர்த்துவதும் அதே தொகுப்பில் தவறு. சுதந்திர தினத்துக்கு ஆசையாகக் கொடி கட்டும் பிள்ளைகளே, வீட்டு வாசலில் ஏற்றுங்கள், அதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு.

நம்பர் பிளேட்டில் எண் தவிர எதுவும் கூடாது. பிரஸ், போலீஸ், வக்கீல் என்று எழுதிக்கொண்டு திரிந்தவர்களைச் சென்னையில் 2024 மே 2 முதல் பிடித்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பையும் கழற்று. ஏர்பேக் சென்சார் அடியைச் சரியாக உணர விடாமல் அது கெடுக்கும். நடந்து போகிறவர் மேல் பட்டால் காலை ஒடிக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கட்சிக் கொடிக் கம்பத்தைச் செருக வசதியாக இருக்கிறது என்று அதை மாட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

6. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றாதே.

இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

ஆடி 17, 18இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயிலிலும் கூட்டம். தேர்தல் வந்தால் கீழே பொதுக்கூட்டம். மூன்றுக்கும் ஒரே காட்சிதான்: குட்டி யானையிலும் பிக்கப்பிலும் கிழவி, குழந்தை, கர்ப்பிணி எல்லாரையும் நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு 70 வளைவில் இறங்குகிறார்கள். ஆள் கூட்டி வரச் சொன்னவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துவிட்டு முன்னால் காரில் போய்விடுவார்.

அந்த வண்டியில் என்ன நடக்கிறது என்று கேள். மூட்டை அசையாது, படுத்துக் கிடக்கும். பாரம் அடியில் இருக்கும். ஆள் நிற்பான், பாரம் வண்டியின் மேல் மட்டத்துக்கு வந்துவிடும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது நிற்கிறவர்கள் எல்லாரும் அதே பக்கம் சாய்வார்கள், ஒருவரை ஒருவர் பிடிப்பார்கள், மொத்தப் பாரமும் ஒரே நொடியில் வெளிச் சக்கரம் இரண்டின் மேல் விழும். உள் சக்கரம் தரையை விட்டு எழும். அந்த நேரத்தில் உலகத்திலேயே நல்ல டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கவிழ்ந்த பிறகும் துன்பம் முடியாது. சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியானால் காசு யார் கொடுப்பது? வண்டிக்காரன். அதாவது நீ. உன் பிக்கப்பும் போய், உங்கள் மிளகுத் தோட்டமும் போய், ஊரில் நாலு வீட்டின் முகத்தில் விழிக்க முடியாமலும் போகும். தலைக்கு இவ்வளவு கொடுத்தவர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு ஒரு தரம் வருவார்.

"சாமி காரியம் பெரியப்பா, மாட்டேன்னு சொல்ல முடியல" என்கிறீர்கள். ஊர்க்கவுண்டரிடம் நான் வந்து பேசுகிறேன். நாலு வீட்டுக்காரர் சேர்ந்து பஸ் பிடிக்கலாம், டிப்போவில் எழுதிக் கொடுத்தால் சிறப்பு பஸ் கேட்கலாம். நடந்து போய்க் கும்பிட்ட சனம்தான் நாம்.

7. வண்டியை வண்டியாகப் பார்க்கக் கற்றுக்கொள்.

எனக்குப் பிடித்த வண்டிகளில் பாதி, எனக்குப் பிடிக்காத அரசியலைச் சுமந்தவை. 1982இல் என்.டி.ராமராவ் ஒரு பழைய செவர்லே வேனைச் சைதன்ய ரதமாக்கி ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். கூரையில் ஏறி நின்று பேசவும், உள்ளே படுத்துத் தூங்கவும் ஏற்றபடி அதை மாற்றியிருந்தார்கள். 1990 செப்டம்பர் 25இல் அத்வானி சோமநாத்திலிருந்து ரத யாத்திரை கிளம்பியது ஒரு டொயோட்டா வண்டியில். அதற்கும் தேர் வேஷம். அந்த யாத்திரை போன வழியில் கலவரங்கள் வந்தன, உயிர்கள் போயின. அதை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் அத்தனை தூரம் ஓடிய டொயோட்டா இன்ஜின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோயில் தேரை ஊரே சேர்ந்து இழுக்கும். அரசியல்காரன் தேரில் ஒருவன் மேலே நிற்க, மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டும். வண்டிக்குத் தேர் வேஷம் போடுவது எந்தக் கட்சி செய்தாலும் எனக்கு ஒவ்வாது. 

எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர் தி.நகர் நினைவில்லத்தில் நிற்கிறது. கட்சி எதுவானாலும் போய்ப் பார். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் வந்து, உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 வரை உருவான வண்டி அது. அமைச்சருக்கும் வாடகை டிரைவருக்கும் ஒரே கார், ஒரே ஸ்பேர், ஒரே மெக்கானிக் என்று ஒரு காலம் இருந்தது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு, எண்ணூரில் லேலண்டு என்று நம் ஊர்க் கைகள் செய்ததையும் தெரிந்துகொள். சென்னைக்குப் போகும் வழியில் வரும் அந்த வண்டலூரில்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு முழு நாள் ஒதுக்கிப் போ.

8. பெயருக்காகப் பஸ்ஸை எரித்த நாடு இது.

உங்களில் பலர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அரசு பஸ் கழகங்களுக்கு அப்போது பெயர்கள் இருந்தன: பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், ஜீவா. சேலம் பக்கம் ஓடியது அண்ணா போக்குவரத்துக் கழகம். 1997இல் விருதுநகரில் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒரு தாழ்த்தப்பட்ட சாதி வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு எல்லாத் தலைவர் பெயரையும், எல்லா மன்னர் பெயரையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. 

கலவரம் அடங்கப் பெயரை எடுத்தது சரி என்பார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. பஸ்ஸில் ஏற மறுத்தவன் ஜெயித்தான், பெயர் தோற்றது. அதனால்தான் சொல்கிறேன்: உன் கார் கண்ணாடியில் சாதிப் பெயரை ஒட்டாதே. நம் மலையாளிப் பழங்குடி சனத்தின் பெயரையும் ஒட்டாதே. உன் வண்டிக்குக் கை காட்டும் நோயாளி, ஸ்டிக்கரைப் படித்துவிட்டு ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நிலை வரக்கூடாது.

9. வாடகைக்கு ஓட்டும்போது வாக்குவாதம் வேண்டாம்.

எட்டுக்கை அம்மனுக்கு வருகிறவர், ஆகாய கங்கையில் குளிக்க வருகிறவர், சித்தர் குகை தேடுகிறவர், எந்தச் சாமியும் இல்லை என்கிறவர், எல்லாரும் உன் வண்டியில் ஏறுவார்கள். கேட்டால் வழி சொல், கோயில் கதை தெரிந்தால் சொல். தேர்தல் பேச்சை அவர் எடுத்தால் கேட்டுக்கொள். வளைவில் கோபப்பட்ட டிரைவர் கையைப் பார்த்திருக்கிறாயா? ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் காற்றில் ஆடும். மஞ்சள் பிளேட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டாதே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

10. அரசியல் பேசு. சாலையைப் பற்றிப் பேசு.

கட்சிக் கொடியை வண்டியில் இருந்து இறக்கச் சொன்னேனே தவிர, அரசியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் பிடித்தவனுக்குத்தான் அரசியல் அதிகம் தேவை. சாலை யார் போடுவது? நம் கொல்லிமலையின் 14 நாடுகளும் 14 ஊராட்சிகள். சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் போதமலை இருக்கிறது, நம்மைப் போலவே மலைச் சனம். சுதந்திரம் வந்து எத்தனையோ தேர்தல் முடிந்தும், அங்கே ஓட்டு மெஷினைத் தலைச்சுமையாகத்தான் தூக்கிப் போனார்கள். மெஷின் ஏறியது, வண்டி ஏறவில்லை. பிரசவத்துக்குத் தொட்டில் கட்டி இறக்க வேண்டியிருந்த சனத்தின் ஓட்டு அந்த மெஷினுக்குள் இருந்தது. அந்த மலைக்குச் சாலை கேட்டதுதான் நான் மதிக்கிற அரசியல்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை. கார் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒருவரும் வருவதில்லை. வாருங்கள். எந்த வளைவில் குவி கண்ணாடி உடைந்து கிடக்கிறது, எங்கே தடுப்புச் சுவர் சரிந்துவிட்டது, எந்தக் குக்கிராமத்துக்கு 108 வண்டி திரும்ப இடமில்லை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தெருப் பெயரும் வளைவு எண்ணும் போட்டு எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கார் இல்லாதவர்களின் பஸ்ஸுக்காகவும் நீங்களே பேசுங்கள். சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுபோகும் அக்காவுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சம் இருக்கும்.

11. ஓட்டுப்பதிவு நாளில் வண்டிச் சாவியை வீட்டில் மாட்டிவிடு.

வேட்பாளருக்காக வாடகை வண்டியில் வாக்காளர்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போவது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் ஊழல் குற்றம். 133ஆம் பிரிவில் அதற்கு மூன்று மாதம் வரை சிறை. மதத்தையோ சாதியையோ சொல்லி ஓட்டுக் கேட்பதும் அதே 123ஆம் பிரிவில்தான் வருகிறது; வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமே என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 ஜனவரி 2இல் சொன்னது. பிரசார நாட்களில் உன் வண்டியை எடுத்தால் அனுமதிச் சீட்டு ஒரிஜினலை முன் கண்ணாடியில் ஒட்டச் சொல், வாடகையை ரசீதில் எழுதி வாங்கு, அது வேட்பாளர் செலவுக் கணக்கில் சேர வேண்டியது. பேசின தொகைக்குப் பாதி கணக்கில், பாதி கையில் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே.

வயசானவர்களை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போக வேண்டுமே என்றால், உன் சொந்தக் காரில் உன் சொந்தப் பாட்டியைக் கூட்டிப் போகலாம், தடையில்லை. அடுத்த வீட்டுப் பாட்டிக்கு நடக்க முடியாவிட்டால் சாவடி அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு கேள். எந்தச் சின்னத்தில் போடப்போகிறாள் என்று மட்டும் வழியில் கேட்காதே.